எச்-இண்டெக்ஸா, க்யூ1-ஆ, கூகுள் ஸ்காலரா? ஆய்வுக்கு மதிப்பெண் போட எந்த எண்ணை எடுப்பது

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகர். போன வருடம் எங்கள் நிர்வாகம் ஆசிரியர்களுக்குச் சிறு ஆய்வு நிதி கொடுப்பதென்று முடிவு செய்தது. கணிதம், உயிர்த்தொழில்நுட்பம், வேதியியல், தமிழ் என்று நான்கு துறைகளிலிருந்து பதினோரு விண்ணப்பங்கள் வந்தன. பணம் மூன்று பேருக்குத்தான். "சைட்டேஷன் பார்த்து ஒரு ரேங்க் லிஸ்ட் போட்டுக் குடுத்துடுங்க சார், அரை மணி நேர வேலை" என்றார் முதல்வர். சைட்டேஷன் என்றால் மேற்கோள், ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிடுவது. அரை மணி நேரத்தில்தான் போட்டேன். அதில் முதலிடத்தில் இருந்தவர் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், இதுல பாதி பேப்பர் நான் எழுதினதே இல்ல" என்றார்.

அவர் பெயரைச் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். நம் பெயர்கள் தரவுத்தளங்களுக்குப் பெரிய தலைவலி. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் தன் பெயர், அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஜர்னலின் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒரு இடத்தில் 'குமாரை' மட்டும் வெட்டி அங்கே போட்டிருப்பார். இன்னொரு இடத்தில் அப்பா பெயரை முழுசாக விரித்திருப்பார். விளைவு, ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். இல்லையென்றால் மூன்று எஸ். குமார்கள் ஒரே ஆளாக ஒட்டிக் கிடப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண் ஆசிரியர்களின் பழைய கட்டுரைகள் வேறு யாரோ பெயரில் தூங்கும். ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் பதினோரு பேரில் அதை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்.

அந்தத் தவறுக்குப் பிறகு மூன்று வாரம் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். மேற்கோள்களை எண்ணி ஆய்வை அளக்க என்னென்ன வழி இருக்கிறது, அதில் எது எங்களைப் போன்ற ஒரு கமிட்டிக்கு ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்த்ததன் கணக்கு இது. எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்பதையும் மறைக்கவில்லை.

எதற்காகத் தொடங்கியது

இந்த எண்ணிக்கை வேலையைத் தொடங்கி வைத்த கேள்வி ஒரு நூலகக் கேள்வி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1927இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ், கிராஸ் என்ற இருவர், சிறிய கல்லூரி நூலகம் எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்று பார்க்க ஒரு வழி கண்டார்கள். அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் 1926இல் வந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை எடுத்து, எந்த இதழ் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். நம் ஊர் நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு நூலகர் மாநாட்டில், நூலக வேலைக்குப் புள்ளியியலைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி 'லைப்ராமெட்ரி' என்ற சொல்லையே உருவாக்கினார்.

அப்புறம் வந்தவர் யூஜின் கார்ஃபீல்டு. அமெரிக்க வக்கீல்களிடம் 1873இலிருந்தே ஒரு புத்தகம் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது, எது தள்ளியது என்று அதில் தேடிப் பார்க்கலாம். அதையே அறிவியலுக்கும் செய்யலாம் என்று 1955இல் சயன்ஸ் இதழில் எழுதினார். அவருடைய நிறுவனம் பிலடெல்பியாவிலிருந்து 1964இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. அவர் மனதில் முதலில் இருந்தது தேடல்: இந்தக் கட்டுரையை யாராவது பின்னால் மறுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு வழி. வாத்தியாருக்கு மார்க் போடுவது அதன் மேல் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டது.

எந்தத் தராசில் வைப்பது

எந்த எண் என்று பார்க்கும் முன்னால் எந்தத் தரவுத்தளம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வரும். எங்கள் கணித ஆசிரியை ஒருவருக்கு ஒரு தளத்தில் 51, இன்னொன்றில் 84, கூகுள் ஸ்காலரில் 130க்கு மேல். எதுவும் பொய்யில்லை. எந்தெந்த இதழையும் புத்தகத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

வெப் ஆஃப் சயன்ஸ் கார்ஃபீல்டின் நேரடி வாரிசு. இப்போது கிளாரிவேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இதழ்களைப் பொறுக்கி எடுப்பதில் கறார். அதனால் குப்பை குறைவு. அதனாலேயே விடுபடுவதும் அதிகம். இயற்பியல், வேதியியலுக்குப் பரவாயில்லை. மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளுக்கும் இந்திய மொழிகளில் வரும் இதழ்களுக்கும் அதில் இடம் சொற்பம். ஸ்கோபஸ், எல்செவியர் பதிப்பகம் 2004இல் தொடங்கியது. அகலம் கூடுதல், மாநாட்டுக் கட்டுரைகளும் நிறைய. நம் கல்லூரிகளில் 'ஸ்கோபஸ் பேப்பர்' என்பது கிட்டத்தட்ட ஒரு நாணயம் மாதிரி ஆகிவிட்டது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் கல்லூரித் தரவரிசை இந்த இரண்டு தளங்களின் தரவையும் எடுப்பதால் நிர்வாகங்களும் அதையேதான் கேட்கின்றன. இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும், அது சிறிய கல்லூரிக்குத் தாங்குகிற தொகை இல்லை.

கூகுள் ஸ்காலர் இலவசம். அதுவும் 2004இல்தான் வந்தது. புத்தகம், ஆய்வேடு, யாரோ தன் துறையின் இணையதளத்தில் ஏற்றிவைத்த பி.டி.எஃப் என்று எல்லாவற்றையும் அள்ளும். அதனால் தேட மிக நல்லது. எண்ணத்தான் பயமாக இருக்கிறது. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி மென்பொருள் எழுதிக் கொடுத்த அர்த்தமில்லாத கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, ஐக் அண்ட்கரே என்ற இல்லாத விஞ்ஞானியை உண்டாக்கினார். அந்த ஆவிக்கு எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துப் போடும் ஒரு எண், விவரம் பின்னால்) 94 வந்தது. ஐன்ஸ்டைனைவிட அதிகம்! 2024இல் இரண்டு ஆய்வாளர்கள் இதே வித்தையைச் செய்து லாரி என்ற வீட்டுப் பூனையை மேற்கோள் மழையில் நனைத்தார்கள். பூனைக்கே கிடைக்கும் என்றால், அதை வைத்து ஒருவரின் பதவி உயர்வை முடிவு செய்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நான்காவது ஓப்பன்அலெக்ஸ். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தேடுதளத்தை 2021 கடைசியில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் தொடங்கினார்கள். அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர். 25 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுப் பதிவுகள், எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகம் 2024 முதல் வெப் ஆஃப் சயன்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் வந்தது. பிரான்சின் தேசிய ஆய்வு நிறுவனமான சி.என்.ஆர்.எஸ். ஸ்கோபஸை விட்டது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் தன் தரவரிசையின் திறந்த பதிப்பை இதிலிருந்தே போடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. செந்தில்குமார் விவகாரம் நடந்ததே இங்கேதான். ஆட்களைப் பிரித்துக் காட்டுவதில் இது இன்னும் தடுமாறுகிறது, சில கட்டுரைகளுக்கு எந்தக் கல்லூரி என்பதே பதிவாகியிருக்காது. இருந்தாலும் நான் இதையேதான் எடுத்தேன். காரணம் எளிது. எண்ணைக் கிளிக் செய்தால் அதன் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையும் தெரிகிறது. சந்தா இல்லாத ஆசிரியரும் தன் வீட்டிலிருந்து பார்த்து, "இது என்னுடையது இல்லை" என்று சொல்ல முடிகிறது. மற்ற தளம் எதையாவது எடுத்திருந்தால் செந்தில்குமாருக்கு என் தவறு தெரியாமலே போயிருக்கலாம், அவரும் நேர்மையாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மொத்த எண்ணிக்கை

எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று சும்மா கூட்டுவதுதான் எல்லாவற்றிலும் எளிது. இது பயன்பாட்டை அளக்கிறது. பயன்பாடும் மதிப்பும் ஒன்றுதானா என்பதில்தான் வம்பு.

உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? சார்பியல் இல்லை, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளும் இல்லை. 1951இல் ஆலிவர் லௌரியும் அவர் சகாக்களும் எழுதிய, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. நேச்சர் இதழ் 2014இல் கணக்கெடுத்தபோது அதற்கு 3,05,000 மேற்கோள்கள். அந்தப் பட்டியலில் முதல் நூற்றுக்குள் வரவே 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. வாட்சன், கிரிக்கின் இரட்டைச் சுருள் கட்டுரைக்கு அதில் இடமில்லை. லௌரியே அதொன்றும் பெரிய கட்டுரையில்லை என்று ஒத்துக்கொண்டவர். ஆய்வகத்தில் தினமும் கையாளுகிற முறைக்கு மேற்கோள் குவியும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் கிண்டியில் இருக்கிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஒரு ஐந்து பக்கக் கட்டுரை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று ஒரு சதுர வரைபடத்தில் காட்டியது அது. இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இருக்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புரத வடிவங்களின் தர அறிக்கையைத் திறந்தால் 'ராமச்சந்திரன்' என்று ஒரு பகுதி இருக்கும். ஆனால் அந்த வரைபடத்தைப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் 1963 கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு யார் அடிக்குறிப்பு போடுகிறார்கள்? மேற்கோள் போவது அந்த வரைபடத்தை வரைந்து கொடுக்கும் மென்பொருளின் கட்டுரைக்கு. இப்படிப் பொதுச்சொத்தாகிக் கணக்கிலிருந்து கரைந்துபோவதற்கு ராபர்ட் மெர்டன் என்ற சமூகவியலாளர் ஒரு பெயரே வைத்திருக்கிறார்.

திட்டுவதற்காகப் போடும் மேற்கோளும் கூட்டலில்தான் சேரும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இன்றும் மேற்கோள் சேர்ந்துகொண்டே இருக்கிறது, பெரும்பாலும் மறுப்பதற்காக.

இன்னொன்று மொய். நம் ஊர் விசேஷங்களில் மொய் நோட்டு இருக்கிறதே, அதே கணக்கு. நீ என் கட்டுரையைக் குறிப்பிட்டால் உன் வீட்டு விசேஷத்துக்கு நான் திருப்பி எழுதுவேன். தன் பழைய கட்டுரைகளைத் தானே குறிப்பிட்டுக்கொள்வது இன்னும் சுலபம். தன் வேலையின் தொடர்ச்சியை ஒருவர் குறிப்பிடுவது தப்பில்லை. பத்தில் ஏழு மேற்கோள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தால் மட்டும் விசாரிக்க வேண்டும்.

எச்-இண்டெக்ஸ்

2005இல் சான் டியாகோவைச் சேர்ந்த ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் வாரியாக இறக்கத்தில் அடுக்குங்கள்: 41, 17, 9, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதுக்கு 6 இல்லை, 3தான். ஆகவே எச் 5. ஒரே ஒரு கட்டுரையால் வந்த அதிர்ஷ்டத்தை இது கட்டுப்படுத்தும் என்பது இதன் அழகு. அதுவேதான் இதன் வியாதியும். ஐந்து கட்டுரைக்குத் தலா 5 மேற்கோள் வாங்கியவருக்கும் எச் 5, ஐந்து கட்டுரைக்குத் தலா 500 வாங்கியவருக்கும் எச் 5.

முக்கியமான குறை வேறு. இது இறங்கவே இறங்காது. ஒருவர் இருபது வருடமாக ஒரு வரி எழுதாவிட்டாலும் பழைய கட்டுரைகளாலேயே எச் ஏறலாம். வயதானவருக்குச் சாதகம், நடுவில் குழந்தைக்காக ஐந்து வருடம் விட்டவருக்குப் பாதகம். எங்கள் பதினோரு பேரை எச் வாரியாக அடுக்கியபோது வந்த வரிசை, பணியில் சேர்ந்த தேதி வாரியான சீனியாரிட்டி பட்டியலோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போனது. அதற்கு ஸ்கோபஸ் எதற்கு, அலுவலகத்தில் சர்வீஸ் ரிஜிஸ்டரே இருக்கிறதே! துறை மாறினாலும் இது பொருந்தாது. இதை உண்டாக்கிய ஹிர்ஷே 2020இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த எண் மோசமான விளைவுகளைத் தரக்கூடும் என்று வருத்தப்பட்டார்.

இம்பேக்ட் ஃபேக்டரும் க்யூ1-உம்

எனக்கு இருப்பதிலேயே கோபம் வரவைப்பது இது. நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். "மேடம், க்யூ1-ஆ?" ஒரு துறையின் இதழ்களை இப்படிப்பட்ட எண் வாரியாக அடுக்கி நான்காகப் பிரித்தால் மேல் கால்பங்குதான் க்யூ1. இது ஆளையோ கட்டுரையையோ அளப்பதில்லை, இதழை அளக்கிறது. போன இரண்டு வருடத்தில் அந்த இதழில் வந்தவற்றுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இம்பேக்ட் ஃபேக்டர். தன் தரவுத்தளத்தில் எந்த இதழைச் சேர்ப்பது என்று முடிவு செய்யக் கார்ஃபீல்டு உண்டாக்கியது. எனக்கு, சந்தா கட்ட வேண்டிய நூலகராக, இது இன்றும் உதவும் எண். ஆளுக்கு மார்க் போட இதை எடுப்பது, அவர் ஏறி வந்த பஸ்ஸின் டிக்கெட் விலையைப் பார்த்து அவருக்குச் சம்பளம் போடுவது மாதிரி.

ஒரு சம்பவத்தை மட்டும் அருகில் நின்று பாருங்கள். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழ். பல வருடமாக இம்பேக்ட் ஃபேக்டர் 2ஐ ஒட்டியே இருந்தது, 2008இல் 2.051. அடுத்த வருடம் 49.926. அந்தத் துறையே வாயைப் பிளந்தது. நடந்தது என்னவென்றால், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் அந்த இதழில் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை எழுதினார். இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பொதுவான மேற்கோளாக இதைக் குறிப்பிடலாம் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே ஒரு வரி போட்டிருந்தார். உலகத்தில் படிகம் பார்க்கிற எல்லோரும் குறிப்பிட்டார்கள். அந்த இதழில் அதே வருடம் வந்து, மேற்கோளில் அதற்கு அடுத்த இடம் பிடித்த கட்டுரைக்குக் கிடைத்தது 28. இரண்டு வருட ஜன்னலை விட்டு அந்தக் கட்டுரை வெளியே போனதும் 2011இல் இதழ் பழைய இடத்துக்கே இறங்கியது. இப்போது யோசியுங்கள்: அந்த இடைவெளியில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு திடீரென்று இருபத்து நான்கு மடங்கு நல்லதாகிவிட்டதா?

இருந்தும் ஆசிரியர் நியமனம், பதவி உயர்வுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் கட்டுரைக்குக் கூடுதல் மதிப்பெண் இப்படி இருக்கிறது: இம்பேக்ட் ஃபேக்டர் இல்லாத, மதிப்பாய்வு செய்யும் இதழுக்கு 5, 1க்குக் கீழே என்றால் 10, 2 வரை 15, 5 வரை 20, 10 வரை 25, அதற்கு மேல் 30. விதியை நான் மாற்ற முடியாது. ஆனால் இந்த ஏணியைப் பார்த்தால் ஒன்று புரியும். மேல் படியில் மருத்துவத்துக்கும் பொருளறிவியலுக்கும் (மெட்டீரியல்ஸ் சயன்ஸ்) நிறைய இதழ்கள் உண்டு. கணிதத்தில் உலகமே மதிக்கிற இதழ்கள்கூட மூன்று, நான்கு, ஐந்து என்று நடுப்படிகளிலேயே நிற்கும். அங்கே எழுதுகிற எண்ணிக்கையும் குறைவு, அடிக்குறிப்புப் பட்டியலும் குட்டி, ஒரு கட்டுரை கவனம் பெறவே சில வருடங்கள் ஆகும். தேற்றத்தை நிரூபிக்கிறவர் எந்தப் படியில் ஏற முடியும்?

இதில் போலிகள் வேறு. பணம் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு 'ஃபேக்டர்' சான்றிதழ் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. எங்கள் விண்ணப்பங்களில் இரண்டில் அப்படிப்பட்ட சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது, கலர் பிரிண்டில், தங்க நிற முத்திரையோடு. உண்மையான எண்ணுக்குச் சான்றிதழ் கிடையாது. கிளாரிவேட் ஒவ்வொரு ஜூனிலும் வெளியிடும் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் இல்லை. அந்தப் பட்டியலும் 2023 வரை மூன்று தசம இடம் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒன்றுதான் காட்டுகிறது. இவ்வளவு காலம் 2.051க்கும் 2.049க்கும் நடுவில் சண்டை போட்டவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தனி ஆளையும் தனிக் கட்டுரையையும் மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய உயிரியலாளர்களும் இதழ்களின் ஆசிரியர் குழுவினரும் ஒரு அறிக்கையே எழுதினார்கள். டோரா என்பார்கள். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் பணி நியமனத்திலிருந்து இந்த எண்ணையே எடுத்துவிடுவதாக 2021இல் அறிவித்தது.

துறைக்குள்ளே ஒப்பிடுவது

மிச்சமிருப்பது துறை வாரியாகச் சமப்படுத்திய எண். சென்னை அண்ணா நகரில் 20,000 ரூபாய் வாடகையும் மன்னார்குடியில் 20,000 ரூபாய் வாடகையும் ஒன்றா? அந்தந்த ஊர் நிலவரத்தோடு வைத்துத்தானே பார்க்க வேண்டும். அதேபோல ஒரு கட்டுரையை அதே துறையில், அதே வருடத்தில், அதே வகையில் வந்த உலகக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவது. சராசரியே கிடைத்தால் 1. ஸ்கோபஸ் தரவை வைத்து இதைக் கணக்கிட்டுத் தரும் சேவைக்குத் தனிக் கட்டணம். ஓப்பன்அலெக்ஸ் ஒவ்வொரு கட்டுரைக்கும் சும்மாவே காட்டுகிறது. மருத்துவம், உயிரியல் என்றால் அமெரிக்காவின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். நடத்தும் ஐசைட் தளத்திலும் இலவசமாக இதுபோன்ற ஒரு எண் கிடைக்கும்.

எங்கள் இரண்டு விண்ணப்பங்களை வைத்துச் சொல்கிறேன். ஆட்கள் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், விகிதம் அதேதான். செந்தில்குமாரின் அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைக்கு 60. கணித ஆசிரியைக்கு 18. மொத்த எண்ணிக்கையில் அவர் எங்கேயோ, இவர் எங்கேயோ. ஆனால் அந்த 60 வந்தது ஒரு மீள்பார்வைக் கட்டுரைக்கு. மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து எழுதும் அந்த வகைக்கு எப்போதுமே மேற்கோள் அதிகம். அந்த வருடம் அந்தத் துறையில் அந்த வகையின் சராசரி 50 என்றால் அவருடைய எண் 1.2. கணிதத்தில் அந்த வருடச் சராசரி 4 என்றால் இவருடையது 4.5. வரிசை தலைகீழானது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒருவருடைய எல்லாக் கட்டுரைகளின் எண்ணையும் எடுத்துச் சராசரி போட்டால், நூறு பேர் சேர்ந்து எழுதிய ஒரு பெரிய கட்டுரையில் கடைசிப் பெயராக இருந்தவருக்கு அது விண்ணுக்குப் போய்விடும். ஆகவே சராசரியை விட, துறையில் மேல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரை என்று எண்ணுவது எனக்குப் பிடித்தது. லெய்டன்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு வருடத்துக்குள் வந்த கட்டுரைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. விதை போட்ட மறுநாள் கிளறிப் பார்ப்பது மாதிரிதான்.

நடுவில் ஒருவர், "நான் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இருக்கேன், அதுக்கு மார்க் இல்லையா?" என்று கேட்டார். வருடா வருடம் அந்தப் பட்டியல் வந்ததும் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறோமே, அதே பட்டியல். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோன்னிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து ஆறு எண்களைக் கலந்து போடுவது. துணைத்துறை வாரியாகப் பிரித்திருப்பதால் மோசமில்லை. ஆனால் ஃபிளெக்ஸில் வராத ஒரு நெடுவரிசை அந்தக் கோப்பில் இருக்கிறது: சுயமேற்கோள் எத்தனை சதவீதம். கோப்பு இலவசம், எக்செல்லில் திறக்கும். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். பிறகு அவர் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

நாங்கள் கடைசியில் செய்தது

கமிட்டிக்கு நான் கொடுத்த பரிந்துரை இது. இம்பேக்ட் ஃபேக்டர், க்யூ1, எச் மூன்றையும் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் கொடுக்கட்டும். அந்த மூன்றுக்கும் ஓப்பன்அலெக்ஸில் துறைக்குள் எந்த இடம், சுயமேற்கோள் எவ்வளவு என்று நான் எடுத்துத் தருகிறேன். பட்டியலை அவர்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மூன்றில் ஒன்றையாவது வெளியிலிருந்து அந்தத் துறைக்காரர் ஒருவர் படித்து அரைப் பக்கம் எழுதட்டும். பதினோரு பேருக்கு இது சாத்தியம். நூறு விண்ணப்பம் வந்தால் முதலில் சலித்தெடுப்பதற்கு எண், கடைசி இருபதுக்குப் படிப்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ள முழுப் பல்கலைக்கழகத்தை அளக்க வேண்டுமானால் எண்களையே தாராளமாக நம்பலாம், அங்கே ஒன்றிரண்டு செந்தில்குமார்கள் கலந்தாலும் பெரிதாகத் தெரியாது. தனி ஆளிடம் வரும்போதுதான் எல்லாம் ஆட்டம் காண்கிறது.

முதல்வர் முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். கணித ஆசிரியைக்கும் வேதியியலில் ஒருவருக்கும் நிதி கிடைத்தது. மூன்றாவது இடத்துக்கு வந்தபோதுதான் தமிழ்த் துறை விண்ணப்பம் கையில் இடறியது.

அவர் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர். இருபது வருட உழைப்பு. ஸ்கோபஸில் பூஜ்யம், ஓப்பன்அலெக்ஸில் பூஜ்யம், கூகுள் ஸ்காலரில் மூன்று. யாரும் அவரைக் குறிப்பிடவில்லையா? குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் புத்தகங்களின் அடிக்குறிப்பில், டிஜிட்டல் ஆகாத சிற்றிதழ்களில், ஆய்வேடுகளில். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏற்றியிருக்கும் பல பழைய தமிழ் ஆய்வேடுகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறி உள்ளே போய்ப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாகத்தான் இருக்கும். அதற்குள் அவர் பெயர் நாற்பது முறை வந்தாலும் எந்த இயந்திரமும் எண்ணாது. நான் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆறு ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைக் கையால் புரட்டினேன். ஐந்தில் அவர் பதிப்பு இருந்தது.

சரி, இது மட்டும் போதுமா என்று எனக்கே சந்தேகம். எங்கள் நூலகத்தில் அந்தப் பதிப்பின் இரண்டு பிரதிகள் உண்டு. எடுத்துப் பார்த்தேன். பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் பாதி நிரம்பியிருந்தது. இரண்டு சீட்டையும் செல்போனில் படம் எடுத்து, அந்த ஐந்து ஆய்வேடுகளின் பக்க எண்களோடு சேர்த்துக் கமிட்டிக் கோப்பில் வைத்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் 'இதர விவரங்கள்' என்ற இடத்தில் எழுதினேன்.